கயிறு மாற்றும் வரை

பிப்ரவரி 3

அண்ணா,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம்தான். ஆனால் நாம் இருவரும் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைத்துவிட முடியாது. அதனால்தான் தாளும் பேனாவும். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்து அண்ணி சிரித்தால் சிரிக்கட்டும்.

நலம் விசாரிக்க எழுதவில்லை, ஒரு காரியமாகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "காரியம் ஆகணும்னாத்தான் உனக்கு என் ஞாபகம் வரும்" என்று நீ ஆரம்பிப்பாய்.

எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு லிஃப்ட். நாங்கள் ஆறாவது மாடி, எங்களுக்கு மேல் மொட்டை மாடிதான். இவரைத் தினமும் காலையில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அந்த லிஃப்டில் இறக்கி, அடுத்த தெருவில் இருக்கும் பிசியோதெரபி நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். லிஃப்ட் இல்லையென்றால் எங்களுக்குக் காலையே கிடையாது.

இந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். நான் கேட்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் என் தகுதி. தலைவர் இரண்டாவது மாடிக்காரர். ரகசியம் சொன்னால்கூடத் தெருவுக்கே கேட்கும் குரல், அதனால் அவருக்கு 'மைக்' என்று பெயர்.

விஷயம் இதுதான். போன மாதம் லிஃப்ட் கம்பெனி மெக்கானிக் மாதாந்திரச் சோதனைக்கு வந்தபோது நானும் கூடவே நின்றேன். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் சிவப்பாக ஏதோ பொடி படிந்திருந்தது. இரும்புக் கயிறுகளிலும் அதே பொடி. "இது என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லை மேடம், தூசி" என்று துணியால் துடைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, மேல் மாடி லிஃப்ட் கதவைத் திறந்து நானே எட்டிப் பார்த்தேன். திரும்பவும் சிவப்பு.

உன் வேலையே லிஃப்ட் பரிசோதனைதானே. பத்து வயதில் என் பொம்மையைக்கூடக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தாய். எனக்கு ஒன்று மட்டும் சொல். இது ஆபத்தா, இல்லையா? ஒரே வார்த்தை போதும்.

பாப்பா

பிப்ரவரி 9

பாப்பா,

கடிதம் கிடைத்தது. ஒரே வார்த்தையில் பதில் கேட்டிருக்கிறாய், அது முடியாது. போன முறை நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் நேராகப் பதில் சொன்னேன். அதன் விளைவு எட்டு மாதம். எனவே இந்த முறை எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். முடிவு எதுவும் சொல்லப்போவதில்லை.

லிஃப்ட் கயிறு என்பது மெல்லிய எஃகுக் கம்பிகள் பலவற்றை முறுக்கிச் செய்வது. உள்ளே எண்ணெய் ஊறிய ஒரு நடுச்சரடு இருக்கும். அந்த எண்ணெய் வற்றிப்போனால் கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தேயும். தேய்ந்த தூள் துருவேறிச் சிவப்பாக வெளியே வரும். நீ பார்த்தது அதுவாக இருக்கலாம், வெறும் தூசியாகவும் இருக்கலாம். கயிற்றின் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நேரில் பார்த்தாலே முடியாது என்றால், கடிதத்தைப் படித்துவிட்டுச் சொல்வது எப்படி?

பொதுவாகச் சொன்னால், இப்படிப்பட்ட லிஃப்டில் நான்கு கயிறுகள் இருக்கும். ஒரு கயிறே பெட்டியையும் ஆட்களையும் சேர்த்துத் தாங்கும்படிதான் கணக்கிடுகிறார்கள். வேகம் மீறினால் பெட்டியை அப்படியே பிடித்து நிறுத்தும் அமைப்பும் உண்டு. அதுவும் ஒழுங்காகப் பராமரித்தால்தான் வேலை செய்யும். பராமரிப்பு எப்படி என்று எனக்குத் தெரியாது.

உன் ஊர் என் அதிகார எல்லைக்குள் வராது. இதை என் தனிப்பட்ட கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? அண்ணி கேட்கச் சொன்னாள்.

அண்ணன்

பிப்ரவரி 20

அண்ணா,

வாழ்க நீ. உன் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். முழுவதும் இல்லை, அந்த நடுச்சரடு எல்லாம் யாருக்குப் புரியும்? "ஒரு கயிறே பெட்டியையும் ஆட்களையும் சேர்த்துத் தாங்கும்" என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தேன். மைக் எழுந்து, "பார்த்தீங்களா, அரசாங்க இன்ஸ்பெக்டரே சொல்லிட்டார்!" என்று முழங்கினார். கீழே வாட்ச்மேன் எழுந்து நின்றிருப்பார்.

எதற்கும் கயிறு மாற்றிவிடலாமா என்று கம்பெனியில் கேட்டிருந்தோம். கயிறு வெளியூரிலிருந்து வரவேண்டும், மாட்டவேண்டும், அப்புறம் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து அனுமதி தரவேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று வாரம் லிஃப்ட் ஓடாது என்றார்கள். உன் கடிதம் வந்த பிறகு அந்தப் பேச்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டோம். உன் கடிதத்தையும் லிஃப்ட் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. உன் பெயருக்குக் கீழே பதவியை நான்தான் பெரிய எழுத்தில் எழுதினேன். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை எல்லோரும் படிக்கிறார்கள்.

இவர் போன வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி வைத்தார் அண்ணா! இருபது வருடம் ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷன், டீக்கடை வாசலில் சும்மா நின்றபோது பின்னால் வந்த லாரி இடித்து விழுந்தார். அன்று மடங்கிய கால் இப்போதுதான் தரையைத் தொடுகிறது. பேச்சுத்தான் சுத்தமாகக் குறைந்துவிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில், சிரிப்பு என்பதே கிடையாது. நான்கு அடி வைத்தபோதும் பிசியோதெரபி பெண்ணும் நானும்தான் கை தட்டினோம், அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இப்ப விட்டுட்டா முட்டி இறுகிடும். ஒரு நாள்கூட லீவு போடாதீங்க." இந்த நேரத்தில் மூன்று வாரம் லிஃப்டை நிறுத்துவதாவது! நல்லவேளை, உன் கடிதம் வந்தது.

பாப்பா

பிப்ரவரி 25

பாப்பா,

அந்தக் கடிதத்தை உடனே பலகையிலிருந்து எடு.

தாங்கும் என்று நான் எழுதியது நல்ல கயிற்றைப் பற்றி. உங்கள் கயிறு நல்லதா என்பது எனக்குத் தெரியாது என்றுதான் கடிதம் முழுவதும் சொல்லியிருந்தேன். நீ அந்த ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்து ஒட்டியிருக்கிறாய்.

ஒரே வார்த்தை கேட்டாய் அல்லவா? நிறுத்து.

அண்ணன்

மார்ச் 2

அண்ணா,

கடிதத்தை எடுத்துவிட்டேன். லிஃப்டை நிறுத்தவில்லை.

கோபப்படாமல் எழுத வேண்டும் என்று இரண்டு நாள் காத்திருந்து பார்த்தேன். கோபம் போவதாகத் தெரியவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் உன்னைக் கேட்டேன். இவரை உள்ளே ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள், என் புடவையில் அவருடைய ரத்தம் இன்னும் காயவில்லை. "அண்ணா, இவர் நடப்பாரா?" என்று கேட்டேன். நீ டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நூத்துக்கு நாப்பதுன்னு சொல்றாங்க" என்றாய். சொல்லிவிட்டு, அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாய். நான் அந்த நாற்பதை வைத்துக்கொண்டு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தப்பாகச் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. உனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். கயிற்றுக்குள்ளே சரடு இருப்பது தெரியும், கால் எலும்புக்குள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்து? அன்றைக்கு நாற்பது, இன்றைக்கு நிறுத்து. சொன்னதோடு உன் வேலை முடிந்தது, அப்புறம் கிடந்து அல்லாடுவது நான்.

நிறுத்தினால் இவர் முட்டி இறுகும், இது நிச்சயம். நிறுத்தாவிட்டால் கயிறு அறுந்தாலும் அறுந்துபோகலாம், அது ஒருவேளை. நீயே படித்தவன், நீயே சொல். எதற்கு நான் பயப்படுவது? தினமும் காலையில் நாற்காலியை உள்ளே தள்ளும்போது கதவு மூடும்வரை நான் அந்தக் கூரையைத்தான் பார்க்கிறேன். இவருக்குத் தெரியக் கூடாது என்று தலையை உடனே குனிந்துகொள்கிறேன். முன்பு எதுவும் தெரியாமல் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போய்க்கொண்டிருக்கிறேன். அதுதான் உன் கடிதங்களால் எனக்குக் கிடைத்த லாபம்.

வேண்டுமானால் எங்கள் ஊர் இன்ஸ்பெக்டரிடம் சொல்லி சீல் வைத்துக்கொள். அப்புறம் எனக்கு அண்ணன் என்று யாரும் இல்லை.

பாப்பா

மார்ச் 8

பாப்பா,

உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் என்னோடு பயிற்சியில் இருந்தவர்தான். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் அவருக்கு போன் செய்ய எண்ணைக்கூட எடுத்துவைத்தேன். செய்யவில்லை. நீ மிரட்டியதால் அல்ல, உன் கடிதம்தான் அப்போது வரவே இல்லையே. காரணம் வேறு.

போன வருடம் இங்கே ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கு சீல் வைத்தேன். நியாயமான சீல்தான், இன்றைக்குக் கேட்டாலும் வைப்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே வந்தபோது ஒரு அம்மா கையில் இரண்டு பைகளோடு படிக்கட்டின் முதல் படியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மாடி என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையில் சேராது என்று நினைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. இந்த முறை எந்த மாடி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் கடிதத்தை அண்ணியும் படித்தாள். படித்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. அதான் இருபத்தஞ்சு வருஷமா ஒரு தண்ணிக் குடத்தக்கூட நீங்க தூக்கிப் பார்த்ததில்லை" என்றாள். அவள் சொன்னது வேறு ஏதோ பழைய கணக்கு. ஆனாலும் சரியான நேரத்தில் சொன்னாள்.

இருபத்தைந்து வருடமாக ஒரு பொருள் பிழைக்குமா, பிழைக்காதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்த்துச் சொல்வதற்கு அப்புறம் ஒன்று இருக்கிறது என்பது தெரியாமல் இல்லை. அதை யாராவது செய்வார்கள் என்று விட்டுவிடுவேன். உன் கேள்விக்கு வருகிறேன். எதற்கு நீ பயப்படுவது என்பதை எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் கேள்வியையே மாற்றலாம் என்று தோன்றுகிறது. லிஃப்ட் நிற்கட்டும், முட்டியும் இறுகாமல் இருக்கட்டும். இரண்டுக்கும் சேர்த்து வழி உண்டா?

உண்டு. கயிற்றுக்குச் சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை மாலை வருகிறேன். மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று போட்டேன். மேலதிகாரி தலையை நிமிர்த்தி, "உங்களுக்கா?" என்று கேட்டார்.

கை வைத்த நாற்காலி ஒன்று தயாராக வைத்திரு. பிளாஸ்டிக் வேண்டாம், மர நாற்காலி. மாப்பிள்ளையைக் காலையில் இறக்குவது, திரும்ப ஏற்றுவது இரண்டும் என் பொறுப்பு. நான் இன்ஸ்பெக்டராக வரவில்லை என்பதை மைக்கிடம் சொல்லிவை.

அண்ணன்

ஏப்ரல் 12

அண்ணா,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாய், நாமும் நான்கு நிமிடம் பேசி, சண்டை போடாமல் வைத்தோம். இருந்தாலும் எனக்கு எழுதத்தான் வருகிறது. நேரில் சொல்லாமல் விட்டதெல்லாம் எழுதும்போதுதான் வெளியே வருகிறது.

உன் முதுகு எப்படி இருக்கிறது? அண்ணியிடம் அந்த பெல்ட்டைக் காட்டினாயா, மறைத்துவிட்டாயா?

நீ வந்த மறுநாள் காலை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு டார்ச்சைத் தவிர வேறெதையும் தூக்காத ஆள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு படியில் பின்பக்கமாக இறங்குகிறாய். மேலே வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். நடுவில் இவர், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. முதல் இரண்டு நாள் இவர் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் மட்டும், "என்னைய மூட்ட மாதிரி தூக்கணும்னு தலையெழுத்தா?" என்றார். நான் உன்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவது நாள் மைக் வந்தார். நாற்காலிக் கால் உரசிச் சுவரில் பெயின்ட் போகிறது என்று புகார் சொல்ல வந்தவர். நீ அவரிடம், "இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க சார்" என்றாய். பிடித்தவர் கீழ்வரை விடவே இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் தன் வாசலில் தயாராக நின்றார், நாம்தான் தாமதம் செய்வது போல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்புறம் அந்த நாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் உனக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். இவர் திடீரென்று கேட்டார், "மச்சான், நான் நடப்பேனா?" என்று. அதுவரை யாரிடமும் கேட்டதில்லை அண்ணா, டாக்டரிடம்கூட. ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த நான் அப்படியே படியில் நின்றுவிட்டேன். நீ ஏதாவது கணக்குச் சொல்லிவிடுவாயோ என்று அத்தனை சாமியையும் வேண்டிக்கொண்டேன். நீயோ, "இப்பப் பேசாதீங்க மாப்பிள்ளை, கை வழுக்குது. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்றாய். கீழே போனதும் அவரும் திரும்பக் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவர் உனக்கு டீ வந்ததா என்று என்னிடம் விசாரித்தார். அதை நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது தப்புதான்.

ஒரு நாள்கூடப் பயிற்சி தவறவில்லை. இப்போது நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிலையத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போகிறார். திரும்பி வர நாற்காலி வேண்டும். போகிறாரே, அது போதும்.

லிஃப்ட் புதுக் கயிற்றில் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. உள்ளே போகும்போது நான் கூரையைப் பார்ப்பதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நீ கிளம்புவதற்கு முந்தின நாள், கழற்றிய பழைய கயிறுகள் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கிடந்தபோது, மெக்கானிக் உன்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது உன் முகம் ஒரு மாதிரி இருந்தது. கயிறு அவ்வளவு மோசமா? இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? நான் பயப்படுவேன் என்று மறைத்தாயா? இப்போது சொல், தைரியமாகக் கேட்டுக்கொள்கிறேன். மைக்கும் தினமும் கேட்கிறார்.

பாப்பா

ஏப்ரல் 19

பாப்பா,

முதுகு பரவாயில்லை. பெல்ட்டை அண்ணி பார்த்துவிட்டாள். இப்போது வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவது நான்தான்.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். கயிறு நன்றாக இருந்தது.

மெக்கானிக் நான்கிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, முறுக்கைப் பிரித்து என்னிடம் காட்டினான். உள்ளே சரடு எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாகவே இருந்தது. கம்பிகள் தேயவில்லை, ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. இன்னும் சில வருடங்கள் ஓடியிருக்கும்.

சிவப்புப் பொடி கயிற்றிலிருந்து வரவே இல்லை. மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் கம்பிகள் துருப்பிடித்து உதிர்கின்றன. காற்றடிக்கும்போது அந்தத் துரு கீழே இருக்கும் கயிற்றின்மேல் கொட்டுகிறது, கயிறு அதைப் பெட்டிவரை கொண்டுபோகிறது. அவன் முதலில் சொன்னதுதான் சரி. தூசி.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடுவது சரியில்லை. வந்த நான்காவது நாளே நான் அந்த அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொடி இங்கிருந்து வந்திருந்தாலும் வந்திருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே லிஃப்டை ஓட விட்டிருப்பாய், பலகையிலும் ஏதாவது ஒட்டியிருப்பாய். ஜன்னல் துருப்பிடித்திருக்கிறது என்பதால் கயிறு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இரண்டுமே கெட்டிருக்கலாம். வெட்டிப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது, தெரியாத ஒன்றில் மாப்பிள்ளையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. தூக்குவதற்கு ஆள் இருந்தது, தூக்கினேன்.

ஆகவே கணக்குப்படி பார்த்தால், மூன்று வாரம் லிஃப்டை நிறுத்தியதும், ஒரு கட்டடமே படியேறியதும், மாப்பிள்ளையை மூட்டை போலத் தூக்கியதும் (அவர் சொன்னது எனக்கும் கேட்டது) தேவையில்லாதவை. என் ஊகம் தவறு. நீ திட்டலாம்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கே விளங்கவில்லை. வேலையில் இப்படி ஒரு தவறு நேர்ந்திருந்தால் ஒரு மாதம் சரியாகத் தூங்கியிருக்க மாட்டேன். மெக்கானிக் அந்தத் துண்டைக் கையில் கொடுத்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. அதனால்தான் முகம் ஒரு மாதிரி இருந்திருக்கும். நாளைக்கே இதே பொடியைப் பற்றி நீ எழுதினாலும் நான் இதையேதான் செய்வேன், கொஞ்சம் சீக்கிரமாக.

சங்கத்தில் சொல்லவேண்டியது உன் கடமை. மறைக்காதே. மைக்கின் கோபம் என்மேல் வரட்டும். அந்த ஜன்னலைச் சுரண்டி பெயின்ட் அடிக்கச் சொல்.

அண்ணன்

ஏப்ரல் 26

அண்ணா,

உன் கடிதத்தை லிஃப்ட் வாசலிலேயே பிரித்தேன். படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் உனக்கு போன் செய்து, நீ ஹலோ சொன்னதும் பட்டென்று வைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஜன்னல் துரு! எத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறேன். உன்னோடு எவ்வளவு சண்டை. நான்காவது நாளே தெரிந்துவைத்துக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்திருக்கிறாயே, அழுத்தக்காரன்!

சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். முணுமுணுப்பு எழுந்தது. ஐந்தாவது மாடி அம்மா, தன் முழங்கால் வலிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மைக் எழுந்தார். வசமாக மாட்டினோம் என்று நினைத்தேன். அவர், "ஜன்னலுக்கு நாளைக்கே பெயின்ட் அடிச்சிடலாம். அடுத்த விஷயத்துக்கு வாங்க" என்றார். என்னவோ தெரியவில்லை, எல்லோரும் அடுத்த விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். இவர்தானே படாத பாடு பட்டவர். ஒளித்துவைத்தால் உன்னைப் போல் ஆகிவிடுவேன் என்று, கடிதத்தை முழுவதும் உரக்க வாசித்தேன், ஒரு வரிகூடப் பிய்த்து எடுக்காமல். கயிறு நன்றாக இருந்தது என்ற இடத்தில் இவர் தலையை நிமிர்த்தினார். ஜன்னல் துரு என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். மூட்டை என்று தான் சொன்னது உனக்குக் கேட்டுவிட்டது என்ற இடம் வந்ததும் அடக்க முடியவில்லை. சிரித்தார் அண்ணா. லாரி இடித்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, புரையேறி, நான் தலையில் தட்டி, அப்புறமும் "ஜன்னலு... ஜன்னலு..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் அந்தச் சத்தத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஓய்ந்த பிறகு, பெயின்ட் விஷயத்தையும் சொன்னேன். நாளைக்குக் காலையில் ஆள் வருகிறான் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று துண்டைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லு மைக்கிட்ட. துரு அது பாட்டுக்குக் கொட்டட்டும். அப்பத்தான் மச்சான் வருவாரு."

பாப்பா